தடாவில் செய்த தகடு சீனத் தகட்டோடு போட்டியிடுமா?

கேட்கப்பட்டது இது: "ஆந்திராவில், சூளூர்ப்பேட்டையில் முலாம் பூசும் கூடமும் சிறிய லேத்துப் பட்டறையும் வைத்திருக்கிறேன். தடாவில் வேறொரு இடமும் பார்த்து வைத்திருக்கிறேன். ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் செய்கிற நிறுவனம் ஒன்று, நிக்கல் முலாமிட்ட எஃகுத் தகடுகளுக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள தகட்டை அழுத்தும் பிரஸ் வாங்கக் கடன் எடுக்கலாமா? சீனர்கள் பாதி விலைக்குக் கொடுக்கும்போது இந்தத் தொழில் இங்கே நிற்குமா?"

நிற்கும். ஆனால் தகட்டின் விலையை மட்டும் வைத்துப் போட்டியிட்டால் நிற்காது. உங்களுக்கு வந்த தாளில் 'தகடு ஒன்றுக்கு எவ்வளவு' என்பதுதான் முதல் வரியாக இருந்திருக்கும். அந்த வரிக்குப் பதில் எழுதுவதற்கு முன், அந்தத் தகடு உள்ளே போய் என்ன செய்கிறது, அது கெட்டால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபத்தாறு ஆண்டுகள் அழுத்தக் கலன்கள் செய்யும் கூடங்களில் இருந்துவிட்டு, இப்போது ஆரம்பாக்கத்திலிருந்து தர ஆய்வு வேலைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சீன விலையைப் பற்றி. உலகில் எலக்ட்ரோலைசர் செய்யும் திறனில் ஏறத்தாழ 60 விழுக்காடு சீனாவில் இருக்கிறது. கூலி குறைவு என்பது இதற்குக் காரணம் அன்று. அங்கே ஒரு வெல்டர் வாங்கும் சம்பளம் தடாவை ஒட்டிய தொழில்நகரமான ஸ்ரீசிட்டியில் ஒரு வெல்டர் வாங்குவதைவிடக் கூடுதல். மணிக்கு 1,000 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும், ஏறத்தாழ 5 மெகாவாட் கொண்ட காரவகை (காரக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சும்) இயந்திரம் என்ற ஒரே அளவை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பதுதான் முதற்காரணம். நிக்கல் வலை, இரு வாயுக்களையும் பிரித்துவைக்கும் இடைத்திரைக்கான பிபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இழைத் துணி, கேஸ்கெட், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் ஆகிய எல்லாம் உள்நாட்டிலேயே பல கடைகளில் பேரம் பேசி வாங்கக் கிடைக்கின்றன. அரசு நிறுவனங்கள் பெரிய பெரிய ஆணைகளாகக் கொடுத்துத் தொழிற்கூடங்களை ஓடவைத்தன. அதன்பின் தேவைக்கு மேல் கூடங்கள் முளைத்துவிட்டதால், இலாபம் இல்லாவிட்டாலும் விற்றுத் தீர்க்க வேண்டிய நிலைக்குப் பலர் வந்துவிட்டார்கள். இந்தக் கடைசிக் காரணத்தோடு எவரும் போட்டியிட முடியாது. நட்டத்துக்கு விற்பவனோடு விலையில் மோதினால் இருவரும் சேர்ந்து மூழ்குவோம். ஐரோப்பியரிலும் மூழ்கியவர்கள் இருக்கிறார்கள்: பிரான்சின் மெக்ஃபி நிறுவனம் 2025இல் கலைப்புக்குப் போனது, அதன் சொத்துகளில் ஒரு பகுதியைப் பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் எடுத்துக்கொண்டது.

இனி, தகட்டின் கணக்கு. இயந்திரத்தின் அடுக்கு என்பது தகடுகளை வரிசையாக வைத்து இறுக்கியது; இரு தகடுகளுக்கு இடையே உள்ள அறைதான் செல். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும்போது, ஒவ்வொரு செல்லின் மீதும் விழும் மின்னழுத்தம்தான் செலவைத் தீர்மானிக்கிறது. ஒரு வோல்ட்டுக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 26.6 யூனிட் என்பது வேதியியல் விதித்த கணக்கு. அதை எந்த நிறுவனத்தாலும் மாற்ற முடியாது. செல் 1.9 வோல்ட்டில் ஓடினால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். அதே செல், முலாம் சரியில்லாமலோ, தகடு நெளிந்து மின்முனையோடு சீராகத் தொடாமலோ, 2.0 வோல்ட்டுக்கு ஏறிவிட்டால் கிலோவுக்கு 2.66 யூனிட் கூடுதல். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 13 ரூபாய்க்கு மேல். 1 மெகாவாட் இயந்திரம் ஆண்டில் பாதி நேரம் ஓடினால் 86,000 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் தரும். ஆகவே அந்த ஒரு பத்திலொரு பங்கு வோல்ட்டுக்காக வாங்கியவர் ஆண்டுக்கு 11 இலட்சத்துக்கு மேல் மின்கட்டணம் கட்டுகிறார். பத்தாண்டில் கிலோவாட் ஒன்றுக்கு 11,500 ரூபாய் ஆகிறது.

இதன் பக்கத்தில் அரசு தரும் ஊக்கத்தொகையை வைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட 19,744 கோடி ரூபாயில், எலக்ட்ரோலைசர் உற்பத்திக்கு மட்டும் 4,440 கோடி. அது கிலோவாட்டுக்கு முதலாண்டு 4,440 ரூபாய் என்று தொடங்கி, 3,700, 2,960, 2,220 என்று இறங்கி ஐந்தாம் ஆண்டு 1,480 ரூபாயில் முடிகிறது. முதலாண்டு ஊக்கத்தொகையைப்போல் இரண்டரை மடங்குப் பணம் 0.1 வோல்ட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மலிவான இயந்திரத்தை வாங்கியவர் முதல் நாள் சிரிக்கலாம். மின்கட்டண இரசீது மாதந்தோறும் வரும். போட்டி இந்த இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது என் துணிபு. மொத்த இயந்திரத்தின் விலையில் உங்கள் தகடு சிறு பகுதிதான். அந்த இயந்திரம் தின்னும் மின்சாரமோ ஹைட்ரஜன் விலையில் பாதிக்கும் மேல்.

ஆகவே, வாங்குபவரிடம் தகட்டின் விலையைச் சொல்லும்போது அதன் தரத்துக்கான சான்றையும் சேர்த்து வைக்க வேண்டும். முலாமுக்கு நான் செய்யச் சொல்லும் முதல் சோதனை மிக எளியது. சோற்றுப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கரைத்த நீரில் வடிதாளை நனைத்து, முலாமிட்ட தகட்டின் மேல் ஒட்டிச் சில நிமிடம் விட்டு எடுங்கள். நிக்கல் படலத்தில் எங்கேனும் ஊசிமுனையளவு துளை இருந்து கீழே உள்ள இரும்பு தெரிந்தால், அந்த இடத்தில் தாளில் நீலப்புள்ளி விழும். சென்ற ஆண்டு ஒரு கூடத்தில் பார்க்கும்போது பளபளவென்று கண்ணாடி போல் இருந்த தகட்டில், தாளை உரித்ததும், அழுத்தி எழுப்பிய குமிழ்களின் தோள்பட்டையை ஒட்டி மட்டும் நீலப்புள்ளிகள் வரிசையாக நின்றன. தட்டையான பகுதியில் ஒன்றுகூட இல்லை. முலாம் தொட்டியில் மின்னோட்டம் மேட்டில் கூடுதலாகவும் பள்ளத்தின் விளிம்பில் குறைவாகவும் பாய்ந்திருந்தது. நேர்மின் தகடுகளின் இடைவெளியை மாற்றிப் போட்டதும் புள்ளிகள் போய்விட்டன. 80 பாகை வெப்பத்தில், இயந்திரத்துக்குள் ஓடும் 30 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரக்கரைசலுக்குள், அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் இரும்பு கரையத் தொடங்கும். உங்கள் கூடத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் மோட்டார் வாகன உதிரிகளுக்கு முலாம் போட்டுப் பழகியவர்கள். அங்கே பளபளப்புதான் தரம், இங்கே துளையின்மைதான் தரம் என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் நாலு முறை சொல்லிவிடுங்கள்.

சீன இயந்திரங்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நமக்கு வாசல் திறந்திருப்பதும் அங்கேதான். செல்லின் இரு புறமும் தோன்றும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இடைத்திரையைத் தாண்டிச் சிறிதளவு கலக்கவே செய்யும். முழுச்சுமையில் ஓடும்போது ஆக்சிஜன் ஏராளமாக வருவதால், அதில் கலந்த ஹைட்ரஜனின் விகிதம் சிறியதாக இருக்கும். சுமையைக் குறைத்தால் ஆக்சிஜன் வரத்து குறைகிறது. ஆனால் திரையைத் தாண்டிவரும் ஹைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. விகிதம் ஏறிக்கொண்டே போய் 4 விழுக்காட்டைத் தொட்டால் அது வெடிக்கும் கலவை. அதனால் 2 விழுக்காட்டிலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். நிலக்கரி மின்சாரத்தில் இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதற்கென்று பழகிய வடிவமைப்பு, காலையில் ஏறி மாலையில் இறங்கும் சூரிய மின்சாரத்தில் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. சீனாவின் ஷின்ஜியாங்கில், குச்சாவில் 2023இல் ஓடத் தொடங்கிய 260 மெகாவாட் ஆலை, சொன்ன அளவுக்குச் சுமையைக் குறைத்து ஓட்ட முடியாமல் தவிப்பதாக அவ்வாண்டே செய்திகள் வந்தன. அவர்கள் அதைச் சரிசெய்துகொள்வார்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் நெல்லூர், கடப்பை, அனந்தப்பூர் வெயிலில் ஓடப்போகிற இயந்திரத்தை, மதியம் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் வெவ்வேறு சுமையில் சோதித்து எண்களைத் தாளில் வைத்துத் தருகிறவர் இங்கே இருந்தால், வாங்குபவருக்கு அது பெரிய செய்தி.

நம் ஊரின் காற்றும் வெயிலும் இன்னொன்று. குளிர்நாட்டு வடிவமைப்பில் குளிர்நீர் 20 பாகைக்குக் கிடைக்கும் என்ற நினைப்பில் வெப்பமாற்றியின் அளவைத் தீர்மானித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் சூளூர்ப்பேட்டையில் 42 பாகை அடிக்கும்போது அந்த வெப்பமாற்றி திணறும், கரைசலின் சூடு ஏறும், கேஸ்கெட் இளகும். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று 304 வகை எஃகுக் குழாயின் வெல்டிங்கை அரித்துப் பொட்டுப் பொட்டாகத் துளைப்பதை நீங்களே இறால் பண்ணைகளின் பம்புகளில் பார்த்திருப்பீர்கள். இவற்றையெல்லாம் வெளிநாட்டுக்காரர் முதல் இயந்திரம் கெட்டபிறகு கற்றுக்கொள்வார். நமக்கு அது பிறந்தது முதல் தெரியும். தெரிந்ததை விலையாக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

சேவையைப் பற்றி நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனங்களின் பெயர் வேண்டாம். 1 மெகாவாட் அடுக்கு ஒன்று, இறக்குமதியானது. ஓராண்டு ஓடியதும் அடுக்கின் கீழ்வரிசையில் இரண்டு தகடுகளுக்கு இடையே, விளிம்பை ஒட்டி, சுவரில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. காவலுக்கு இருந்த பையன் சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டான். மறுநாள் மறுபடி பூத்தது. கசியும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறைகிறது, அவ்வளவுதான். அடுக்கை இறுக்கும் கம்பிகளின் முனையிலிருந்த தட்டுச் சுருள்கள் (தட்டு வடிவ ஸ்பிரிங்குகள்) தளர்ந்திருந்தன. மாற்றுச் சுருளும் கேஸ்கெட்டும் செய்தவரிடமிருந்து கப்பலேறி, சுங்கம் தாண்டி வந்து சேர எழுபத்தேழு நாள் ஆயின. நாளொன்றுக்கு 240 கிலோ வீதம் 18,000 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் போனது. பானிப்பட்டு சுத்திகரிப்பாலைக்கான ஏலத்தில் கிலோ 397 ரூபாய்க்கு முடிந்ததை அளவுகோலாக வைத்தால், அது 73 இலட்சம் ரூபாய். சில ஆயிரம் ரூபாய் பெறும் சுருளுக்காக இத்தனை. அந்தச் சுருளை அம்பத்தூரில் செய்ய ஆள் இருக்கிறது. ஆனால் வரைபடமும் எஃகின் தரக்குறிப்பும் கையில் இல்லாமல் எவரும் செய்துதர முன்வரவில்லை, அவர்கள் சொன்னது நியாயமும்கூட.

இதனால்தான் என் யோசனை, இயந்திரத்தின் இதயத்தைவிட அதன் கைகால்களில் தொடங்குங்கள் என்பது. வாயுவையும் காரத்தையும் பிரிக்கும் கலன்கள், கரைசல் குளிர்விப்பான்கள், இவை எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் ஏற்றிய ஸ்கிட், இறுக்கும் கம்பிகள், தட்டுச் சுருள்கள், மாற்றுக் கேஸ்கெட்டுகள்: இவையெல்லாம் கும்மிடிப்பூண்டியிலும் நாயுடுபேட்டையிலும் இன்றே செய்யக்கூடியவை. பெரிய கலன்களைக் கடல் கடந்து கொண்டுவருவது காற்றுக்குக் கப்பல் வாடகை கொடுப்பதற்குச் சமம் என்பதால், தூரமே நமக்குக் காப்பு. காரக்கரைசலுக்குப் பதில் மெல்லிய சவ்வை வைத்து ஓடும் சவ்வுவகை இயந்திரத்தின் பக்கம் நீங்கள் போக வேண்டாம். அதற்கு டைட்டேனியம் தகடும், உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டு டன் மட்டுமே எடுக்கப்படும், பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் இரிடியமும் வேண்டும். அது வேறு ஆட்டம்.

தொழிலறிவுக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. மேட்டூரிலும் சாகுபுரத்திலும், கேரளத்தில் உத்யோகமண்டலிலும் உள்ள காஸ்டிக் சோடா ஆலைகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது ஏறக்குறைய இதே வேலைதான்: அங்கே ஒரு டன் காஸ்டிக் எடுக்கும்போது 25 கிலோ ஹைட்ரஜன் உடன் வருகிறது. நிக்கல் மின்முனை, சூடான காரம், செல்லுக்குச் செல் மின்னழுத்தக் குறிப்பேடு எல்லாம் அங்கே அன்றாடம். அப்படியொரு ஆலையில் செல் வீட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை மாதம் பத்து நாளாவது அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாதது அவர் கையில் இருக்கும். முலாமுக்கும் மின்முனைக்கும் ஆய்வுத்துணை வேண்டுமென்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கசிவைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக்கோ, உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் எழுந்துபோகும் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டே பாடம். சுழியத்துக்குக் கீழே 253 பாகையில் திரவ ஹைட்ரஜனை அங்கே நிரப்புகிறார்கள். அந்த வேலைக்கு உதிரி கொடுத்த கூடங்களுக்கு, ஒவ்வொரு போல்ட்டும் எந்த உருக்கிலிருந்து வந்தது என்பதை எழுதிவைக்கும் பழக்கம் ஊறியிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் ஏற்றுமதிக்கு நுழைவுச்சீட்டு. எலக்ட்ரோலைசருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22734க்கு ஏற்ப இயந்திரத்தைச் செய்கிறவர், உங்கள் தகட்டின் பூர்வீகத்தையும் கேட்பார்.

அரசின் பங்கைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஓரிரண்டைச் சொல்லியாக வேண்டும். முழு இயந்திரத்தின் மேல் இறக்குமதி வரி போடுங்கள் என்று கேட்பவர்கள், நிக்கல் வலைக்கும் இடைத்திரைக்கும் நாம் இன்னும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். உள்ளீட்டை இங்கே வளர்க்காமல் சுவர் மட்டும் எழுப்பினால், பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டி 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று பெயர் எழுதுவதே தொழிலாகிவிடும். ஊக்கத்தொகைக்கான 3,000 மெகாவாட் திறன் ஏலத்தில் ஒதுக்கப்பட்டாயிற்று. அத்தனையையும் வாங்க ஆள் வேண்டும். இங்கே உரத்துக்கும் சுத்திகரிப்பாலைக்கும் ஆண்டுதோறும் பல இலட்சம் டன் ஹைட்ரஜன் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. மணலியிலேயே இரண்டும் அருகருகே இருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பங்கையாவது பசுமை ஹைட்ரஜனாக, அதாவது சூரிய, காற்று மின்சாரத்தில் எடுத்ததாக, வாங்க வேண்டும் என்று நிபந்தனை வந்தால், அது பத்து ஊக்கத்தொகைக்குச் சமம். காக்கிநாடாவின் பசுமை அம்மோனியா ஆலையும், 2025 ஜனவரியில் விசாகப்பட்டினம் பக்கம் அடிக்கல் நாட்டப்பட்ட புடிமடகா பசுமை ஹைட்ரஜன் மையமும் சொன்னபடி எழுந்தால், தேவை நம் கடற்கரையிலேயே வரும். தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கியது மணிக்கு 10 கன மீட்டர் தரும் சிறிய அமைப்புதான் என்றாலும், இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் உங்களைப் போன்றவர்களின் உதிரிகள் முதலில் ஏறும்.

வெளிச்சந்தையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஹைட்ரஜன் திட்டங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஏலத்தில் உதவித்தொகை தரும் ஐரோப்பிய ஹைட்ரஜன் வங்கியின் இரண்டாம் ஏலத்தில், உதவிபெறும் திட்டங்களின் எலக்ட்ரோலைசர் அடுக்குகளில் 25 விழுக்காட்டுக்கு மேல் சீனாவிலிருந்து வரக்கூடாது என்று விதித்துவிட்டார்கள். மீதியை ஐரோப்பியர் தாங்களே செய்ய முயல்வார்கள். ஆனால் அவர்களுடைய கலன்களும் ஸ்கிட்டுகளும் எங்கிருந்தாவது வர வேண்டும். அமெரிக்காவை நம்பித் திட்டம் போட வேண்டாம். கிலோவுக்கு 3 டாலர் வரை தந்த வரிச்சலுகைக்கு, 2028 தொடங்குவதற்குள் கட்டுமானத்தைத் தொடங்க வேண்டும் என்று 2025இல் வரம்பு கட்டிவிட்டார்கள்.

கடன் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மீட்டர் பிரஸ்ஸை இந்த ஆண்டு வாங்காதீர்கள். அந்த அளவு சீனர்களின் அளவு. உங்களிடம் கேட்ட நிறுவனம் நாளைக்கே சிறிய, கூடுதல் அழுத்தத்தில் ஓடும் அடுக்குக்கு மாறிவிட்டால், பிரஸ் ஷெட்டில் நிற்கும், தவணை நிற்காது. அழுத்திய தகடுகளை வாங்குபவரே அனுப்பட்டும். நீங்கள் முலாமையும் சோதனையையும் மட்டும் கூலிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடன் எடுப்பதானால் ஹீலியம் கசிவுமானிக்கும், தகட்டின் தட்டைத்தன்மையை அளக்கும் ஒரு கருங்கல் மேடைக்கும், தொட்டியின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் கருவிக்கும் எடுங்கள்; இந்தத் தொழில் படுத்துவிட்டாலும் வால்வு, பம்பு வேலைகளுக்கு அவை சோறு போடும். விலைப்புள்ளியில் இரண்டு விலை எழுதுங்கள்: வெறும் தகட்டுக்கு ஒன்று, தகடுதோறும் முலாம் கனம், நீலப்புள்ளிச் சோதனைப் படம், தட்டைத்தன்மை அளவு ஆகியவற்றோடு இன்னொன்று. இரண்டாவது விலைக்கு ஆணை வந்தால் மேலே போங்கள். முதல் விலையை மட்டும் இன்னும் குறைக்கச் சொல்லிக் கேட்டால், அந்த ஆணையை விட்டுவிடுங்கள். மாதிரித் தகடு இரண்டு முலாம் போட்டதும் சொல்லுங்கள். வடிதாளும் கரைசலும் நானே எடுத்து வருகிறேன்.